பொட்டு வைத்த கலர்

கலர் என்றால் நிறம் என்று இங்கிலீஷ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். சொல்லட்டும், பாவம், அவர் வேலை அது. ஆனால் திண்டிவனத்தைச் சுற்றி எந்த ஊரிலாவது போய், "கலர் இருக்குதா?" என்று கடையில் கேட்டுப் பாருங்கள். எவனும் குழம்ப மாட்டான். ஈரச் சாக்கை விலக்கி, மணலில் புதைத்து வைத்திருக்கிற ஒரு பாட்டிலை எடுப்பான். சிவப்போ மஞ்சளோ, கைக்கு வந்தது. மூடியைப் பட்டென்று உடைத்து நீட்டுவான். அதுதான் கலர்.

அதிலும் அந்த எண்பதுகளில் கலர் தாகத்துக்குக் குடிக்கிற சங்கதியே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் இருந்தது. பசிக்குக் கேப்பைக் கூழ். கலர் மரியாதைக்கு. சம்பந்தி வந்தால் கலர். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ரொட்டியும் கலரும். பெண் பார்க்க வந்தவர்கள், பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்; அவர்களும் கலர் என்றால் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். "அவங்க வூட்டுக்குப் போனேன், ஒரு கலருகூட வாங்கித் தரல" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போச்சு, ரெண்டு குடும்பத்துக்கும் ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது.

இந்த ஒரு சொல்லை அம்மணி மனசுக்குள் வைத்துக் கொண்டாடினது போல வேறு யாரும் கொண்டாடி நான் பார்த்ததில்லை. மயிலத்துக்கு அந்தாண்டை ஒரு கிராமம் அவளுக்கு. ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஊருக்குக் கிழக்கே காலனி. காலனியில் மூன்றாவது வீடு அவளுடையது. புருஷன் மாரியப்பன் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கப் போவான், கரும்பு வெட்டப் போவான், கிடைத்த வேலைக்குப் போவான். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தவன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுநாள் மாரியப்பன் புதுப் பெண்டாட்டியைப் பெருமையாகச் சக்கரபாணி கடைக்கு அழைத்துப் போனான். பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிற கடை. டீயும் உண்டு, மளிகையும் உண்டு. "ரெண்டு டீ" என்றான் மாரியப்பன். சக்கரபாணி தலையை ஆட்டி வெளிச் சுவரைக் காட்டினான். அங்கே ஒரு ஆணியில் பிடி வைத்த நாலு கிளாஸ் தொங்கிக்கொண்டிருந்தது. காலனிக்காரர்கள் அதை எடுத்து நீட்டி டீயை வாங்கிக் குடித்து, தாங்களே கழுவி, திரும்ப அதே ஆணியில் மாட்ட வேண்டும். அம்மணி பிறந்த ஊரிலும் இதெல்லாம் இருந்ததுதான். ஆனால் தலையில் பூவோடு, மஞ்சள் காயாத தாலியோடு, புது ஊரில் முதல்முதலாக நிற்கிறபோது அந்த ஆணிப் பக்கம் அவளுக்குக் கை போகவில்லை.

"எனக்கு டீ ஒத்துக்காது" என்றாள்.

மாரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் சுருங்கிப் போனது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு கலரு குடுங்க" என்றான். சக்கரபாணி மணலுக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாதுரை ஒரு கலர் குடித்துக்கொண்டிருந்தார். ஊரில் பெரிய வெள்ளாமைக்காரர், எட்டுக் காணி நிலம் அவருக்கு. அவர் கையில் இருந்த பாட்டிலும் அம்மணியின் கைக்கு வந்த பாட்டிலும் ஒரே பெட்டியில் இருந்து வந்தவை, ஒரே மணலில் கிடந்தவை. அவருக்கும் சிவப்பு, இவளுக்கும் சிவப்பு.

அம்மணி குடித்தாள். மூக்குக்குள் சுருக்கென்று ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குக் கலர் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. கலருக்கு ஆணி கிடையாது. அவ்வளவுதான் அர்த்தம்.

அதற்கப்புறம் அவள் ஜென்மத்துக்கும் டீ குடிக்கவில்லை. எவர் கேட்டாலும் ஒத்துக்காது என்றுவிடுவாள். பணம் கைக்கு வருகிற நாளில் மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை கடைக்கு முன்னால் போய் நின்று, "ஒரு கலரு குடுங்க" என்பாள். நின்றபடியே மெதுவாகக் குடிப்பாள். ஊர் ஜனங்கள் போவார்கள், வருவார்கள். பஸ் வரும், போகும். குடித்து முடிக்கிறவரைக்கும் அவளும் அந்த ஊர்க்காரிதான்.

சின்ன வயசில் இருந்தே அம்மணி கொஞ்சம் கனவுக்காரி. நாற்று நடும்போதுகூடச் சேற்றுத் தண்ணீரில் தெரிகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள்; வரிசையில் அவள் இடம் மட்டும் பின்தங்கும், பக்கத்தில் இருக்கிறவள் திட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு எண்பத்தொன்றில் திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? கலர் கம்பெனியில்! முதலாளி வெங்கடாசலம் சின்னதாக ஒரு ஓட்டுக் கட்டடத்தில் நடத்திக்கொண்டிருந்த கம்பெனி. கம்பெனி என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு மிஷின், ரெண்டு தொட்டி, ஒரு மூணு சக்கர வண்டி, அதை ஓட்ட முத்துசாமி, பாட்டில் கழுவ நாலு பெண்கள். அத்தனைதான். திண்டிவனம், மயிலம், கண்டாச்சிபுரம், விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் வரைக்கும் இவர்கள் கலர் போகும். தூரத்துக்குப் பெட்டிகளை லாரியில் போட்டு அனுப்புவார்கள்.

அம்மணியின் வேலை பார்க்கிறது. ஆமாம், வெறுமனே பார்க்கிறது! கழுவிக் கவிழ்த்த பாட்டிலை ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, வாய்ப் பக்கமாக ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்க்க வேண்டும். எறும்பு, துரும்பு, பீடித் துண்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்பத் தொட்டிக்கு. இல்லாவிட்டால் மிஷினுக்கு. மற்ற பெண்களுக்கு அந்த வேலை அரை மணி நேரத்தில் கண்ணைக் கட்டும். அம்மணிக்கோ அது சினிமா மாதிரி. பாட்டில் வழியாகப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற புளியமரம் வளைந்து நெளிந்து கைக்குள் அடங்குகிற செடியாகிவிடும். தெருவில் போகிற ஆட்கள் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெல்ல நடப்பார்கள். மத்தியான வெயிலில் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகமே மழை விட்ட மறுநாள் போல இருக்கும்.

"இந்தப் பாட்டிலு எங்கெங்க போயிட்டு வந்திருக்கும்னு நெனைக்கிற?" என்று பக்கத்தில் கழுவிக்கொண்டிருக்கிற சின்னபொண்ணைக் கேட்பாள்.

"எங்க போனா உனுக்கு இன்னாக்கா? அளுக்குப் போச்சான்னு பாரு, ஜல்தியா குடு" என்பாள் சின்னபொண்ணு. திண்டிவனத்துக்காரி, இருபது வயசு, வாய் அதிகம்.

அம்மணி விடமாட்டாள். இது மயிலத்து மலை மேல் பங்குனி உத்திரத்துக்குப் போயிருக்கும், காவடி எடுத்தவன் மூச்சு வாங்கக் குடித்திருப்பான். இது விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு கல்யாண ஜோடி மாற்றி மாற்றிக் குடித்தது. இது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் மூணு நாள் கிடந்தது, குடிக்க வேண்டியவருக்குக் குடிக்கத் தெம்பில்லை. இது பெரிய வீட்டு மாப்பிள்ளைக்கு வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தது. எல்லாம் திரும்பி வந்து இந்த ஒரே தொட்டியில்தான் முங்குகின்றன. யார் வாய் வைத்தது எது என்று அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. இதை நினைக்கிறபோதெல்லாம் அம்மணி தனக்குள் சிரித்துக்கொள்வாள். சின்னபொண்ணு, "ஆரம்பிச்சிடுச்சுப்பா இதுக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அளவு குறைந்த பாட்டில்களை வேலையாட்கள் குடித்துக்கொள்ளலாம், முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அம்மணியும் குடிப்பாள். ஆனால் அது தாகத்துக்கு. சம்பள நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி, சக்கரபாணி கடையில் காசு கொடுத்து, தன் கையால் பார்த்து அனுப்பின அதே கலரை வாங்கிக் குடித்தால்தான் அவளுக்குக் கலர் குடித்த மாதிரி இருக்கும். "வேலை செய்ற கம்பெனியில சும்மா கெடைக்கிறதைக் காசு குடுத்துக் குடிக்கிறா" என்று மாரியப்பன் கிண்டல் பண்ணுவான். அவனுக்கும் தெரியும் ஏன் என்று. தெரிந்துதான் கிண்டல்.

எண்பத்தாறு தையில் பொங்கல் கழிந்து பத்துப் பதினைந்து நாளைக்கப்புறம் ஒரு பாட்டில் அவள் கைக்கு வந்தது. வழக்கம் போல வாய்ப் பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். அடியில் கண்ணாடி உள்பக்கமாகக் குழிந்திருக்கிற இடத்தில், வெளிப்புறம் சிவப்பாக ஒரு புள்ளி. தூரத்தில் அஸ்தமிக்கிற சூரியன் மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தாள். மாட்டுக் கொம்புக்குப் பூசுகிற சிவப்பு வர்ணம். தொட்டியில் ஊறியும் போகவில்லை.

"ஏ சின்னபொண்ணு, இங்க பாரேன்! எவளோ பாட்டிலுக்குப் பொட்டு வெச்சி அனுப்பியிருக்கா."

"உன்னை மாதிரி இன்னொரு லூசு எங்கியோ கீது போல" என்றாள் சின்னபொண்ணு.

அம்மணிக்கு அந்தப் பொட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு நாலைந்து பொட்டுப் பாட்டில்கள் வந்தன. கிடைத்த அன்றைக்கெல்லாம் அவளுக்கு நல்ல சகுனம். எங்கேயோ ஒரு வீட்டில், மாட்டுக்குக் கொம்பு தீட்டிவிட்டு மிச்ச வர்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண், குடித்து முடித்த பாட்டிலை மொட்டையாக அனுப்ப மனசு வராமல் பொட்டு வைக்கிறாள். அப்படித்தான் அவள் கற்பனை பண்ணிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம்கூட உண்டாக்கிவிட்டாள். மூக்குத்தி போட்ட முகம்.

மாசி மாசச் சம்பள நாள். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, கடைக்கு முன்னால் போய் நின்றாள். "ஒரு கலரு குடுங்க."

சக்கரபாணி மணலில் இருந்து ஒரு பாட்டிலை உருவினான். சட்டென்று தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். திரும்ப வைத்தான். இன்னொன்றை உருவினான், திருப்பினான், அதையும் வைத்தான். மூன்றாவது பாட்டிலில் சிவப்புப் பொட்டு இருந்தது. அதை உடைத்து அவளிடம் நீட்டினான்.

அம்மணிக்கு ஒரே சந்தோஷம். "அட! இந்தப் பொட்டு நம்ம கடையில வெக்கிறதாங்க? நான் கம்பெனியில பார்த்துக்கினே கீறேன், யாரு இத்தினி அழகா வெக்கிறதுன்னு!"

சக்கரபாணி தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த தட்டுதான் அது. பெஞ்சில் இருந்த அப்பாதுரை, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

"அது உங்க ஆளுங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கான். பொங்கலுக்கு எங்க பங்காளி ஒருத்தரு வந்தாரு. யாரு வாய் வெச்ச பாட்டிலோன்னு கையில தொட மாட்டேன்னுட்டாரு. எனக்கு மானம் போச்சு. அதான் நான்தான் சொன்னேன், அடையாளம் வெச்சிக்கடான்னு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. அதுதான் கொடுமை. அம்மணியின் கையில் பாட்டில் சில்லென்று இருந்தது, நுரை பொங்கி விரலில் வழிந்தது. மூக்குத்தி போட்ட அந்தப் பெண் அவள் மனசுக்குள்ளேயே செத்துப்போனாள். ஒரு மாசமாக நல்ல சகுனம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தது எதை? வெளிச் சுவரில் இருந்த ஆணியை அல்லவா இவர்கள் பாட்டிலுக்கு அடியில் அடித்திருக்கிறார்கள்!

பாட்டிலைப் பலகை மேல் வைத்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. காசையும் வைத்தாள். திரும்பி நடந்தாள்.

வீட்டில் மாரியப்பனிடம் சொன்னாள். அவன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளி வைத்தான். "வுடு அம்மணி. முன்ன கிளாஸு, இப்போ பாட்டிலு. இன்னா புதுசு?"

"எனக்குப் புதுசுய்யா" என்றாள் அம்மணி. "பதினோரு வருசம் இந்த ஊருல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அழுதாள். விசும்பி விசும்பி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அடுப்பில் கூழ் அடிப்பிடித்தது, ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் அவள் பாட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்க்கவில்லை. புளியமரம் அதன் பாட்டுக்கு நின்றது. பொட்டுப் பாட்டில் ஒன்று வந்தது. நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. ஆணியால் சுரண்டினாள், கொஞ்சம் உதிர்ந்தது. இன்னொன்று வந்தது. இதைச் சுரண்டிப் போட்டால் சக்கரபாணி அடுத்த வாரம் வேறு பாட்டிலுக்கு வைப்பான். எத்தனைதான் சுரண்டுவது? சலித்துப் போய், இந்தப் பாட்டில் எந்தப் பெட்டியில் வந்தது என்று எட்டிப் பார்த்தாள். கடைக்குக் கடை பெட்டியில் சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். சக்கரபாணி கடைப் பெட்டி இல்லை அது. திண்டிவனத்தில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துப் பெட்டி.

அம்மணி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். சின்னபொண்ணு பயந்தே போய்விட்டாள். "அக்கா! இன்னாச்சு உனுக்கு? பேஜாரு பண்ணாதக்கா!"

விஷயம் இதுதான். பெட்டியில் தன் கடைப் பெயர் எழுதியிருப்பதால், உள்ளே இருக்கிற பாட்டிலும் தன் பாட்டில்தான், கழுவி நிரப்பித் தனக்கேதான் திரும்பி வரும் என்று சக்கரபாணி நினைத்துக்கொண்டிருக்கிறான். மடையன்! பெட்டிதான் அவனுடையது. பாட்டில் ஊருக்கெல்லாம் பொது. அவன் வைத்த பொட்டெல்லாம் அம்மணி கையால் பார்க்கப்பட்டு, மயிலம் போய், விழுப்புரம் போய், சம்பந்திகளுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் நடுச் சபையில் நீட்டப்பட்டிருக்கிறது. எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் குடித்து ஏப்பம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவர் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார். கலருக்குள் ஒரு கட்டெறும்பு மிதந்தது. வெங்கடாசலத்துக்கு மூஞ்சி செத்துப்போனது. கடைக்காரர் போனதும் அம்மணி மேல் பாய்ந்தார்.

"பார்த்தியா, பார்க்காமலே தள்ளிட்டியா? கனவு கண்டுக்கினு குந்தியிருந்தா இப்பிடித்தான் ஆவும்!"

பார்த்த பாட்டிலும் பார்க்காத பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இடம் அது. கலந்து போவது சகஜம். அம்மணிக்கு வாய் தானாகப் பேசியது. "முதலாளி, பார்த்த பாட்டிலுக்கு அடியில ஒரு அடையாளம் வெச்சிட்டா? பார்த்தது தனி, பார்க்காதது தனின்னு ஆயிடும். பெட்டிக்குக் கம்பெனிப் பேரு எளுதுற செவப்பு பெயிண்டு கீதுங்களே, அதுல ஒரு பொட்டு. எந்தக் கடைக்காரரு கேட்டாலும், பொட்டு இருந்தா சுத்தம்னு நீங்களும் சொல்லிக்கலாங்க."

வெங்கடாசலம் கோபத்தை மறந்து யோசித்தார். வியாபாரி இல்லையா? "பொட்டு இருந்தா சுத்தம்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலத்தில் இருந்து அம்மணி பொட்டு வைத்தாள். ஒரு குச்சியில் துணி சுற்றி, வர்ணத்தில் தொட்டு, பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்து, அடியில் ஒரு பொட்டு. முதல் நாள் ஒவ்வொரு பொட்டுக்கும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். தான் பண்ணுவது என்னவென்று எவருக்காவது தெரிந்தால்? மாரியப்பனும் அதையேதான் கேட்டான். "தெரிஞ்சா இன்னா ஆவும் அம்மணி?" "இன்னா ஆவும்? சுத்தமா கீதுன்னு பொட்டு வெச்சேன். அது ஒரு குத்தமா?" என்றாள். மாரியப்பன் அவளைப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்துவிட்டான். கல்யாணமான பத்துப் பதினோரு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பயம் போய்விட்டது. பழைய கனவும் திரும்பி வந்தது. புளியமரம் மறுபடி வளைந்தது. பொட்டு வைக்க வைக்க, வைத்த பொட்டெல்லாம் எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே போவாள். மயிலத்து மலைப் படியில் ஒரு பொட்டு. விழுப்புரத்து பிளாட்பாரத்தில் ஒரு பொட்டு. கண்டாச்சிபுரத்துச் சந்தையில், பந்தலில், மாட்டு வண்டியில். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் பூக்கிற மாதிரி ஊரெல்லாம் தன் பொட்டு பூத்துக் கிடப்பதாகத் தோன்றும். சின்னபொண்ணு திட்டினால்கூடக் காதில் விழாது.

முத்துசாமி வண்டியில் போகிற இடமெல்லாம், "பொட்டு கீதா பார்த்து வாங்கிக்கங்க, அதான் நல்ல சரக்கு" என்று முதலாளி சொன்னதைச் சொல்லி வந்தான். சக்கரபாணிக்கும் சொன்னான். சக்கரபாணிக்குத் தலை சுற்றியிருக்கும், பாவம். வந்த பெட்டி முழுக்கச் சிவப்புப் பொட்டு. பச்சை வர்ணத்தால் ஆறு பாட்டிலுக்கு வைத்துப் பார்த்தான். காலியான பெட்டி போய் அடுத்த பெட்டி வந்தபோது அதில் ஒரு பச்சைகூட இல்லை. அதெல்லாம் எந்த ஊரில் யார் கையில் இருந்ததோ. அத்தோடு கை கழுவிவிட்டான். சுவரில் ஆணி அப்படியே இருந்தது, நாலு கிளாசும் அப்படியே தொங்கின. அதை நான் மறைக்க விரும்பவில்லை. கலர் விஷயத்தில் மட்டும் அவன் தோற்றான்.

இத்தனை நாளும் அம்மணி கடைப் பக்கம் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீடு. சம்பள நாள் வரும், போகும். மனசு வரவில்லை. அவன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த அந்தக் கையை மறுபடி பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஆடி மாசம் ஒரு சம்பள நாள். மாரியப்பன்தான், "போயேன், போயி ஒண்ணு குடிச்சிட்டு வா. யாருக்காவ வுட்டுக் குடுக்கிற?" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான். சாயங்காலம் இறங்கினாள். நல்ல காற்று, புழுதி பறந்தது. பெஞ்சில் அப்பாதுரையும், பக்கத்தில் அவருடைய மருமகப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிச் சீருக்கு வந்த புது மாப்பிள்ளை. கண்டமங்கலத்துப் பையன், புதுச்சேரியில் மில் வேலை.

"ஒரு கலரு குடுங்க" என்றாள் அம்மணி.

சக்கரபாணி அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பாட்டிலை எடுத்துப் பலகை மேல் வைத்துவிட்டு, மூடி உடைக்கிற இரும்பைத் தேடினான். அம்மணி பாட்டிலைக் கையில் எடுத்தாள். பழக்க தோஷம், தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் சிவப்பாகப் பொட்டு. தான் வைத்தது. தன் கைப் பொட்டு எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து இருக்கும்.

அதற்குள் அப்பாதுரை, "மாப்பிள்ளைக்கும் ஒரு கலரு குடுப்பா" என்றார். சக்கரபாணி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான். அப்பாதுரை வாங்கி, பெரிய மனுஷ தோரணையில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பழைய சரக்கோ என்னவோ, அதில் வர்ணம் உதிர்ந்துபோய் மொட்டையாக இருந்தது. அவர் முகம் கடுகடுத்தது.

"இன்னாடா இது, பொட்டே இல்ல? வூட்டுக்கு வந்த மருமவப்புள்ளைக்குக் கண்டதையும் குடுப்பியா? பொட்டு வெச்சதா பார்த்துக் குடு! அதான் சுத்தமானதுன்னு ஊரே சொல்லுது."

சக்கரபாணி மணலைக் கிளறினான். பெட்டி முடிகிற நேரம். "அது ஒண்ணுதாங்க பொட்டு வெச்சது இருந்துச்சு..." என்று இழுத்தான். அவன் கண் அம்மணியின் கைக்குப் போனது. அப்பாதுரையின் கண்ணும் போனது. தூக்கிப் பிடித்த பாட்டிலில் சாயங்கால வெயில் பட்டுப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

ஐந்து மாசத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் என்ன சொன்னோம் என்பது அப்பாதுரைக்கும் ஞாபகம் வந்திருக்கும். வராமல் இருக்குமா? காது ரெண்டும் சிவந்துபோனது. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவன் இவர்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்மணி கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய வார்த்தையெல்லாம் அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் வந்த களைப்பு. ஊருக்கு வந்த விருந்தாளி. அவளுடைய ஊருக்கு வந்த விருந்தாளி.

"இந்தாங்க" என்று பாட்டிலை அப்பாதுரையிடம் நீட்டினாள். "மருமவப்புள்ளைக்குக் குடுங்க. நல்லா பார்த்து வெச்சதுதான். திண்டிவனத்துக் கம்பெனியில பொட்டு வெக்கிறது நான்தாங்க."

அவர் கை பாதி வழியில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் நீண்டது. அம்மணியின் கையில் இருந்து, விரலோடு விரல் பட, பாட்டிலை வாங்கிக்கொண்டார். சக்கரபாணி மூடியை உடைத்துக் கொடுத்தான். பையன் மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கீதுங்கக்கா" என்றான் அவளைப் பார்த்து.

சக்கரபாணி அந்த மொட்டைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதை ஓரமாக வைத்தான். மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருந்து ஒரு மஞ்சள் கலரை எடுத்தான். ஈரத்தைத் தன் தோள் துண்டால் துடைத்தான். மூடியை உடைத்தான். "இந்தா அம்மணி" என்று நீட்டினான்.

இந்தத் தடவை அவன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. மூக்கில் சுருக்கென்று ஏறியது.